போர் முடிந்த பிறகு வந்த தந்தி



சென்ற குடியரசு தினத்தன்று நம் வளாகத்தில் கொடியேற்றி முடித்ததும், நாட்டுக்காக உயிர் நீத்த வீரர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். அது முடிந்து இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் ஒரு பையன் என் பக்கத்தில் வந்தான். "தாத்தா, இப்ப யாருக்காக நின்னோம்?" என்று கேட்டான். "போர்ல உயிரை விட்டவங்க எல்லாருக்காகவும்தான்" என்றேன். "அதுல ஒருத்தர் பேர் சொல்லுங்க" என்றான்.

சட்டென்று ஒரு பெயரைச் சொன்னேன்: அருண் கேத்ரபால். "அவர் என்ன பண்ணினார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் அவன் அம்மா கூப்பிட்டுவிட்டார். பையன் ஓடிவிட்டான். பதில் என்னிடமே நின்றுவிட்டது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வாழ்நாளில் பாதியை வங்கிக் கவுன்ட்டரில் கழித்தவன். ஆனாலும் இந்தக் கதை என்னுடன் பல வருடங்களாக இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறு மாதம் மூன்று நாள்

அருண் கேத்ரபால் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தவர். தந்தை எம்.எல். கேத்ரபால் ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி, பின்னாளில் பிரிகேடியர். தாத்தாவும் முதல் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சர்கோதா. 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியப் பக்கம் வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. சர்கோதா என்ற ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது திரும்பவும் வரும்.

அருண் சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்தார். 1967-ல் கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தார். பிறகு டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13 அன்று '17 பூனா ஹார்ஸ்' என்ற டாங்க் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்டாகப் பொறுப்பேற்றார். பெயரில் குதிரை இருந்தாலும் அப்போது அது முழுக்க டாங்க் படைதான். 1965 போரில் அதே பிரிவின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராப்பூர் டாங்க் சண்டையில் உயிர் நீத்து பரம்வீர் சக்ரா பெற்றிருந்தார். சேரும் ஒவ்வொரு இளைஞனுக்கும் முதல் நாளே சொல்லப்படும் பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 13-ல் பொறுப்பேற்றவர் டிசம்பர் 16-ல் உயிரை விட்டார். கணக்குப் போட்டால் ஆறு மாதம் மூன்று நாள். எங்கள் காலத்தில் வங்கியில் ஒரு கிளார்க் சேர்ந்தால் புரொபேஷனே ஆறு மாதம். கையெழுத்துப் போடும் அதிகாரம்கூட வராத காலம் அது. அந்த அளவு சர்வீஸில் இந்தப் பையன் என்ன செய்தார் என்று பாருங்கள்.

போர் மேகம் சூழ்ந்தபோது அவர் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பயிற்சி முடியுமுன்பே ரெஜிமென்டுக்குத் திரும்ப உத்தரவு வந்தது. போகிற வழியில் தில்லியில் வீட்டுக்கு வந்தவர், பெட்டியோடு கோல்ஃப் மட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டாராம். எதற்கு என்று கேட்டதற்கு, லாகூரில் போய் விளையாடப் போகிறேன் என்று சொன்னாராம். இருபத்தொரு வயதுப் பையன் பேசுகிற பேச்சு அப்படித்தானே இருக்கும்! அவர் லாகூருக்குப் போகவில்லை. முப்பது வருடம் கழித்து அவருடைய அப்பாதான் போனார்.

பசந்தர் ஆற்றங்கரை

1971 போர் என்றதும் நமக்கு டாக்காவும் வங்கதேசமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மேற்கு எல்லையிலும் கடும் சண்டை நடந்தது. அங்கே ஷகர்கர் என்ற பகுதி, பாகிஸ்தான் நிலம் இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும் இடம். அதற்குச் சற்று மேலேதான் பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை. எதிரி அங்கிருந்து முன்னேறி அந்தச் சாலையை அறுத்துவிட்டால் ஜம்மு காஷ்மீருக்குப் போகும் வழியே அடைபடும். அதனால் நம் படை முந்திக்கொண்டு அந்தப் பகுதிக்குள் நுழைந்தது.

நடுவில் பசந்தர் என்ற ஆறு. ராவியின் கிளை ஆறு. ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடிகள் புதைத்திருந்தார்கள். டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை ஆற்றைக் கடந்து மறுகரையில் ஓர் இடத்தைப் பிடித்தது. ஆனால் பிடித்தால் போதாது, விடிவதற்குள் டாங்குகள் போய்ச் சேர வேண்டும். துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்கள் மேல் எதிரியின் டாங்குகள் வந்தால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராணுவப் பொறியாளர்கள் கண்ணிவெடிகளை எடுத்து வழி செய்துகொண்டிருந்தார்கள். பாதிதான் முடிந்திருந்தது. அதற்குள் எதிரி டாங்குகள் அசைகிற சத்தம் கேட்கிறது என்று முன்வரிசையிலிருந்து தகவல் வந்தது. பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹணுத் சிங். மீதி வழி சுத்தமாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கண்ணிவெடி இருக்கும் நிலத்தின் மேலேயே டாங்குகளை ஓட்டிக்கொண்டு அக்கரை சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை 8 மணி. டிசம்பர் 16. ஜர்பால் என்ற கிராமத்தின் பக்கம் புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் படை எதிர்த்தாக்குதல் நடத்தியது. அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்குகள், எண்ணிக்கையிலும் அதிகம். அங்கே நின்ற நம் ஸ்குவாட்ரன் உதவி வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் கேட்டது. பக்கத்து ஸ்குவாட்ரனில் இருந்த அருண் தன் டாங்குகளோடு விரைந்தார். போகிற வழியிலேயே எதிரி நிலைகளிலிருந்து சுட்டார்கள். அவற்றை அடக்கிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அதில் அவருடன் வந்த ஒரு டாங்கின் கமாண்டர் இறந்துபோனார்.

"பீரங்கி இன்னும் வேலை செய்கிறது"

அருணின் டாங்க் பிரிட்டனில் செய்த செஞ்சூரியன். அதற்கு 'ஃபமகுஸ்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே நான்கு பேர். கமாண்டர் அருண். பீரங்கி சுடுபவர் நத்து சிங். ஓட்டுநர் பிரயாக் சிங். வயர்லெஸ் பார்த்தவர் நந்த் சிங். இந்த மூவரும் சவார்கள். குதிரைப்படை வழிவந்த பிரிவுகளில் சாதாரணச் சிப்பாய்க்கு அதுதான் பதவிப்பெயர்.

சண்டை முற்றியபோது எதிரியின் முன்னால் மிஞ்சி நின்றவை நம்முடைய மூன்று டாங்குகள் மட்டுமே. ஒன்று கேப்டன் மல்ஹோத்ராவுடையது, ஒன்று லெப்டினன்ட் அலாவத்துடையது, மூன்றாவது அருணுடையது. அலாவத்தின் டாங்க் அடிபட்டு அவர் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் பீரங்கி பழுதாகிச் சுட முடியாமல் போனது. ஆக, கடைசியில் அருண் ஒருவர்தான்.

அவர் டாங்கும் அதற்குள் அடிபட்டுத் தீப்பற்றியிருந்தது. டாங்கை விட்டு வெளியேறும்படி மேலதிகாரி வயர்லெஸ்ஸில் உத்தரவிட்டார். தன் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கை விட்டு வரமாட்டேன் என்று அருண் பதில் சொன்னார். பிறகு வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டார்.

அந்தச் சண்டையில் எதிரியின் பத்து டாங்குகள் அழிந்தன என்றும், அவற்றில் நான்கை அருணே சுட்டு வீழ்த்தினார் என்றும் அவருடைய விருதுக் குறிப்பு சொல்கிறது. கடைசியாகச் சுட்ட டாங்க் மிக அருகில் வந்துவிட்டிருந்தது. அதே நேரத்தில் ஃபமகுஸ்தா இன்னொரு முறை அடிபட்டது. அதில் அருண் இறந்தார். எதிரி அந்த வழியாக உடைத்துக்கொண்டு வர முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அந்த டாங்கில் இறந்தவர் அருண் மட்டும் அல்ல. சவார் நந்த் சிங்கும் அங்கேதான் இறந்தார். நத்து சிங்கும் பிரயாக் சிங்கும் காயங்களோடு பிழைத்தார்கள். டாங்கை விட்டு வரமாட்டேன் என்று சொன்னது அதிகாரியின் குரல். ஆனால் அந்தத் தீக்குள் நான்கு பேர் இருந்தார்கள். அருண் கேத்ரபால் என்று சொல்லும்போதெல்லாம் நந்த் சிங் என்றும் சொல்லிக்கொள்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த செய்தி

அதே டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து கையெழுத்துப் போட்டது. மறுநாள் இரவு 8 மணிக்கு மேற்கு எல்லையிலும் போர்நிறுத்தம். நாடு முழுக்கக் கொண்டாட்டம். இன்றைக்கும் டிசம்பர் 16-ஐ வெற்றி நாளாகத்தான் கொண்டாடுகிறோம்.

தில்லியில் கேத்ரபால் வீட்டிலும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்கள். போர் முடிந்துவிட்டது, இனிப் பையன் வந்துவிடுவான் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்? அந்த நாட்களில் அருணின் உடல் போர்க்களத்துக்குப் பக்கத்தில், சாம்பா பகுதியில் ஏற்கெனவே எரியூட்டப்பட்டிருந்தது. வீட்டுக்கு அது தெரியாது. போர் முடிந்த பிறகுதான் தந்தி வந்தது.

செல்போனில் அடுத்த நிமிடமே எல்லாம் தெரிந்துவிடும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரிவது கடினம். அவர்கள் உயிரோடு இருப்பதாக எண்ணிக் காத்திருந்த அந்த ஒவ்வொரு நாளிலும் மகன் இல்லை. 1971 போரில் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 3,800 பேர். எத்தனை வாசல்களில் இப்படித் தபால்காரர் வந்து நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அருணுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டவர் தாய் மகேஸ்வரி. அந்த விருதைப் பெற்றவர்களில் அதுவரை மிக இளையவர் அருண்தான்.

லாகூரில் ஒரு இரவு

சர்கோதாவுக்கு வருகிறேன். 2001-ல் பிரிகேடியர் கேத்ரபாலுக்கு 81 வயது. சாவதற்கு முன் பிறந்த மண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தவர் ஓய்வுபெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். மூன்று நாள் விருந்துபசாரம். வீட்டில் எல்லோரும் தன்னிடம் அளவுக்கு அதிகமாகவே மரியாதை காட்டுவது பெரியவருக்குப் புரிந்தது, காரணம்தான் புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு நாசர் மனதைத் திறந்தார். 1971 டிசம்பர் 16 காலை ஜர்பாலில் 13 லான்சர்ஸின் ஸ்குவாட்ரனை நடத்திவந்தவன் நான்தான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்றார். அருணின் வீரத்தை வாய்நிறையச் சொன்னார். எங்கள் வெற்றிக்குக் குறுக்கே நின்றவன் அவன் ஒருவனே என்ற பொருளில் பேசினார். எதிரே நின்றவனின் வயது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

அந்த அறையில் பெரியவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? மூன்று நாள் உப்பிட்டவர். மகனைக் கொன்றவர். இருவரும் ஒரே ஆள். ஆனால் கேத்ரபாலும் படை நடத்தியவர். ஆணையின்படி இரு பக்கமும் சுடுவதுதான் போர் என்பது தெரிந்தவர். அவர் சண்டை போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. மறுநாள் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் தில்லி திரும்பினார். பிறகு அந்தப் படங்களும், அருணைப் போற்றி எழுதிய குறிப்பும் நாசரிடமிருந்து வந்து சேர்ந்தன.

எனக்கு இதில் ஒன்று தோன்றும். மகனின் கடைசி நிமிடங்களை நேருக்கு நேர் நின்று பார்த்த ஒருவரின் வாயால் கேட்க, அந்தத் தந்தைக்கு 30 வருடம் ஆயிற்று. தந்தியில் இறந்தான் என்று மட்டும்தான் இருக்கும். எப்படி நின்றான் என்பதைச் சொல்ல எதிராளி வர வேண்டியிருந்தது. நாசர் சொல்லாமலே விட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. அவர் வரை அதுவும் ஒரு கடன். தீர்த்துவிட்டார்.

என் கவுன்ட்டரில்

இந்தக் கதை ஏன் என்னை விடுவதில்லை என்று சொல்கிறேன். எண்பதுகளில் தென் மாவட்டத்தில் ஒரு கிளையில் பென்ஷன் கவுன்ட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பர் மாதம் என்றால் பென்ஷன்காரர்கள் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அன்று சர்வர் கிடையாது, பெரிய லெட்ஜர்தான். ஒரு வயதான அம்மா, கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். கைநாட்டு. படிவத்தில் ஏதோ ஒரு இடம் நிரப்பவில்லை. பின்னால் கூட்டம். நான் எரிச்சலில், "ஏம்மா, படிச்ச பையன் யாராவது இருந்தா கூட்டிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "அவன் இருந்தா நான் எதுக்குத் தம்பி இங்க வர்றேன்?" என்றார்.

அப்போதுதான் படிவத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அது கணவருக்கான பென்ஷன் அல்ல. கல்யாணமாகாமல் போரில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு வரும் பென்ஷன். 1971. மாதா மாதம் அந்தக் கணக்கில் வரவு வைத்தவன் நான். ஒரு தடவைகூட அது எதற்காக வருகிறது என்று படித்ததில்லை.

எழுந்து போய் அவரை உள்ளே உட்காரவைத்து நானே படிவத்தை நிரப்பினேன். மன்னிப்புக் கேட்டேன். "தந்தி வந்தப்ப அதைப் படிச்சுச் சொல்லக்கூட வீட்ல ஆள் இல்ல. தபால்காரர்தான் படிச்சார். பாவம், அவர் அழுதுட்டார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அந்த மகனுக்கு என்ன பதக்கம், எந்த இடத்தில் விழுந்தான் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாவுக்கும் சொல்ல ஆசை இருந்திருக்கலாம்.

ஒரு வேண்டுகோள்

அருண் கேத்ரபாலுக்கு நாடு குறை வைக்கவில்லை. டேராடூன் அகாடமியில் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. தில்லி தேசிய போர் நினைவிடத்தில் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் அவருடையதும் உண்டு. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு அந்த 21 பேரின் பெயரைச் சூட்டியபோது, ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. தீயில் நின்ற ஃபமகுஸ்தா டாங்கும் பிற்பாடு திரும்பக் கிடைத்தது. அவர் பயிற்சியைப் பாதியில் விட்டுப் போன அதே அகமத்நகரில் அது பாதுகாக்கப்படுகிறது.

ஆனால் தீவு கிடைக்காதவர்கள்தான் அதிகம். பென்ஷன் கவுன்ட்டரில் ஒரு எண்ணாக மட்டும் மிஞ்சியவர்கள் அவர்கள். நம் நான்கு பிளாக்கிலும் ராணுவத்தில் இருந்தவர்கள், ராணுவத்தில் ஒருவரை இழந்தவர்கள் இருக்கக்கூடும். லிஃப்டில் தினம் பார்த்து வணக்கம் சொல்கிறோம், நமக்குத் தெரியாது.

வருகிற ஜனவரி 26 அன்று மௌனம் காப்பதற்கு முன், ஒரே ஒரு வீரரின் பெயரையும் அவர் என்ன செய்தார் என்பதையும் ஐந்து நிமிடம் யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளே படித்துச் சொன்னால் இன்னும் நல்லது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும். மேடையில் பேசத் தயக்கம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய கைதான்.

கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு: தம்பி, நாம் நின்றது இவருக்காகத்தான். இவர் கூடவே இறந்த நந்த் சிங்குக்காகவும்தான். நான் பெயர் கேட்க மறந்த ஒரு அம்மாவின் மகனுக்காகவும்தான்.

— ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்